உரிமையாளர் பெயர் மாற்றம்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, சாரதாமணி என்பவரின் தோட்டத்தில் போர் போடும் ரிக் லாரி ஜாக்கி ஊன்றி நின்றுவிட்டது. பூசை முடிந்து எலுமிச்சம்பழமும் நசுக்கியாகிவிட்டது. ஆபீசிலிருந்து ஒரே ஒரு அளவு வந்தால் போதும், ஓட்டத் தொடங்கிவிடலாம் என்று டிரில்லர் மாரியப்பன் காலை பத்தேகாலுக்குத் திருச்செங்கோட்டு ஆபீசுக்குப் போன் செய்தார்.

அவர் கேட்டது பழைய குழிகள் இருக்கும் இடம். ஏழு வருசத்துக்கு முன்னால், தோட்டம் வேறொருவர் கையில் இருந்தபோது, இதே ஆபீஸ் வண்டி அங்கே இரண்டு போர் போட்டிருந்தது. இரண்டிலும் வெறும் புழுதிதான் வந்தது. வாயை மூடி, மண் தள்ளி, மேலே எத்தனையோ உழவு ஓடிவிட்டது. அவை எங்கே கிடக்கின்றன என்று புதிதாக வாங்கிய சாரதாமணிக்குத் தெரியாது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் குறித்துக் கொடுத்த இடம் பழைய குழிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டால், கம்ப்ரசர் காற்று பாறை வெடிப்பு வழியே அந்தக் குழிக்குள் ஓடிவிடும். வெட்டிய தூள் மேலே வராது. சுத்தியல் அடியிலேயே மாட்டிக்கொள்ளும், குழியும் போகும்.

"சித்தெ இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு, ஆபீஸ் கணக்குவழக்கைப் பார்க்கும் கமலவேணி கம்ப்யூட்டரில் ‘போர் பதிவு’ என்ற ஃபோல்டரை அழுத்தினாள். அது திறக்கவில்லை. இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு சிறு கட்டம் வந்து நின்றது. இன்னொரு முறை அழுத்தினாள். அதே கட்டம்தான். பென் டிரைவில் நகல் எடுக்கப் பார்த்தாள். அதற்கும் அனுமதி இல்லை.

கமலவேணி நாற்பத்துநான்கு வயதுக்காரி. எளிதில் பதறுகிறவள் அல்ல. ஆனால் இந்த ஃபோல்டரைப் பற்றி அவளுக்கு ஒரு கவலை இருந்தது. பதினோரு வருசத்துப் போர் விவரமும் அதில்தான் இருந்தது: எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர், கிணற்று மூலையிலிருந்து எத்தனை அடி தள்ளி. முன்பு அதெல்லாம் நோட்டுகளில் இருந்தது. போன ஆயுத பூசைக்கு ஆபீசைக் கழுவியபோது, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே, கரையான் தின்ற நோட்டு எதற்கு என்று சொல்லி மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்க வைத்தவள் அவள்தான். ஓனர் அப்போது தயங்கினான். நான் பொறுப்பு என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஓனர் ஜெயபிரகாஷ் வாசலில் பாறை துளைக்கும் பிட்டுக்குச் சாணை பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தாறு வயது. அப்பாவுக்குப் பிறகு இரண்டு வண்டிகளையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அவள் கூப்பிட்டதும் வந்து எட்டிப் பார்த்தான். அணைத்துப் போடச் சொன்னான். அணைத்துப் போட்டும் கட்டம் போகவில்லை. உடனே கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டான். பெட்டியைக் கொண்டுவந்து வையுங்கள், இரண்டு நாள் ஆகும், பெரும்பாலும் மொத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றவேண்டி வரும், உள்ளே இருப்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை என்றார் கடைக்காரர். ஜெயபிரகாஷ் குனிந்து வயரைக் கழற்றக் கை வைத்தான்.

"தம்பி, கையை எடுங்க" என்றாள் கமலவேணி.

அவன் எடுத்தான். மாரியப்பனுக்கு என்ன சொல்வது என்று கேட்டான். வண்டி நாள் பூராவும் சும்மா நிற்க முடியாது. பன்னிரண்டு மணிக்குள் தெரியாவிட்டால் குறித்த இடத்திலேயே இறக்கச் சொல்லிவிடுவேன், சாமி விட்ட வழி என்றான்.

கமலவேணி ஃபோல்டரின் மேல் மௌசின் வலது பட்டனை அழுத்தி அதன் விவரங்களைத் திறந்தாள். பாதுகாப்பு என்ற பக்கத்தில் பெயர்ப் பட்டியலே காட்டவில்லை. பார்க்கக்கூட உனக்கு உரிமை இல்லை என்றது. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒழுங்காகத் திறந்த ஃபோல்டர் அது. நடுவில் ஞாயிறு ஒருநாள்தான் போயிருக்கிறது. ஞாயிறன்று ஆபீஸ் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருக்கும்.

"நேத்து இதுல என்ன பண்ணுனீங்க?"

ஜெயபிரகாஷ் சாணைத் தூள் ஒட்டிய விரல்களைத் துடைத்துக்கொண்டான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ரிக் ஆபீஸ் என்றால் ஏஜென்ட்டுகள் வந்து உட்காருவார்கள். டீ வாங்கிக் கொடுக்காமல் அனுப்ப முடியாது. வேலை கொண்டுவருகிறவர்களும் அவர்கள்தான், இங்கே பார்த்ததை வேறு வண்டிக்காரரிடம் கொண்டுபோகிறவர்களும் அவர்கள்தான். வெள்ளிக்கிழமை அருணகிரி என்ற ஏஜென்ட் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று திரையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்ததை ஜெயபிரகாஷ் பார்த்துவிட்டான். அதனால் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து உட்கார்ந்து, போனில் ஒரு வீடியோ பார்த்து, ‘எவ்ரிஒன்’ என்ற பெயரைச் சேர்த்து, ‘டினை’ என்ற வரிசையில் இருந்த அத்தனை கட்டத்திலும் டிக் அடித்துவிட்டான். எல்லாருக்கும் எல்லாம் மறுப்பு.

"எல்லாத்தையும் அடைச்சுட்டு நீங்க எப்படி உள்ள போலாம்னு நெனச்சீங்க?"

"நான் ஓனருங்களே அக்கா. எனக்கு எப்படி மறுக்கும்?"

கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஊரில் கோயில் நிலத்துக்குள் யாரும் வரக்கூடாது என்று பலகை வைத்தால், வைத்தவர் மட்டும் வண்டியோடு உள்ளே போவார். கம்ப்யூட்டருக்கு அந்த வழக்கம் தெரியாது. அதன் கணக்கில் அவனும் எல்லாரில் ஒருவன். மறுப்பும் அனுமதியும் ஒன்றாக இருந்தால் மறுப்புத்தான் ஜெயிக்கும். போட்ட மறுப்பை எடுக்கும் உரிமையையும் சேர்த்தே அவன் மறுத்திருந்தான்.

இந்தப் பதிவு முழுவதையும் தட்டச்சு செய்தவள் கௌசியா. நான்கு வருசம் இதே நாற்காலியில் இருந்தவள். கல்யாணமாகிச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், இப்போது மாமனாரின் மளிகை மொத்தக் கடையில் பில் போடுகிறாள். கமலவேணி அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். பின்னால் மூட்டை இறக்கும் சத்தத்துக்கு நடுவே கௌசியா யோசித்துவிட்டுப் பேசினாள்.

"அக்கா, அந்த ஃபோல்டர் நான் உருவாக்குனது. அது இன்னும் என் பேர்லதான் கிடக்கும்."

"உன் லாகினத்தான் தம்பி நீ போனதுமே அழிச்சுட்டாருல்ல."

"ஆளைத்தான அழிச்சாரு. சொத்து என் பேர்லதான இருக்குது" என்று கௌசியா சிரித்தாள். "நல்லவேளை, நான் பாகம் கேட்டு வல்ல."

கமலவேணி போனை வைத்தபோது அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. இந்த ஆபீசுக்கு வருவதற்கு முன் ஒன்பது வருசம் அவள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஒரு கடையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பழைய லாரி வாங்குகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல், விற்றவர் பெயரிலேயே ஓட்டிக்கொண்டு, பர்மிட்டுக்கு மட்டும் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு அவள் தினமும் சொன்ன பதில் ஒன்றுதான்: முதலில் வண்டி உங்கள் பெயருக்கு வரட்டும், பர்மிட்டு அதற்குப் பிறகு. விற்றவர் ஊரை விட்டே போயிருந்தாலும், செத்தே போயிருந்தாலும், அதற்கும் ஒரு படிவம் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத வண்டி என்று ஒன்று கிடையாது.

நேற்று ஜெயபிரகாஷும் இன்று அவளும் பர்மிட்டைத்தான் தொட்டுக்கொண்டிருந்தார்கள், ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

மணி பதினொன்று நாற்பது. அட்மின் உரிமை உள்ளது ஜெயபிரகாஷின் லாகின். அதில் நுழையச் சொல்லி, நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். பாதுகாப்புப் பக்கத்தின் அடியில் இருந்த கூடுதல் அமைப்புகளைத் திறந்தாள். மேலே உரிமையாளர் என்ற இடத்தில், பெயரைக் காட்ட முடியவில்லை என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ‘மாற்று’ என்று நீல எழுத்தில் ஒரு சொல். இன்று வரை தேவைப்படாததால் யாரும் அதைப் பார்த்ததில்லை. அதை அழுத்தி, ஜெயபிரகாஷின் பெயரை அடித்தாள். உள்ளே இருக்கும் எல்லா ஃபைலுக்கும் சேர்த்து உரிமையாளரை மாற்றவா என்று ஒரு கட்டம் கேட்டது. அதையும் டிக் செய்தாள். லாரிக்குப் பெயர் மாற்றும்போது ஸ்டெப்னியை விட்டுவிட்டா மாற்றுவார்கள்?

பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்தது. பதினோரு வருசத்து ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறின. ஜெயபிரகாஷ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மாரியப்பன் இரண்டு முறை கூப்பிட்டார், யாரும் எடுக்கவில்லை.

கோடு முடிந்ததும் எல்லாவற்றையும் மூடி, மறுபடி திறந்தாள். இப்போது பெயர்ப் பட்டியல் தெரிந்தது. தலைமாட்டில் ‘எவ்ரிஒன்’, மறுப்பு. அதைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். இந்த முறை கம்ப்யூட்டர் மறு பேச்சு பேசவில்லை.

ஃபோல்டர் திறந்தது. மல்லசமுத்திரம், பழைய உரிமையாளர் பெயர், இரண்டு வரிகள். அவள் மாரியப்பனைக் கூப்பிட்டு நிதானமாகப் படித்தாள். கிணற்றின் ஈசானி மூலையிலிருந்து நேர் கிழக்கே அறுபத்திரண்டு அடியில் முதல் குழி, அறுநூற்று நாற்பது அடி ஆழம், தண்ணீர் இல்லை. அங்கிருந்து தெற்கே நாற்பத்தைந்து அடியில் இரண்டாவது. நானூற்றுப் பத்து அடியில் சுத்தியல் மாட்டிக் கைவிடப்பட்டது.

மாரியப்பன் போனை வைக்காமலே டேப் பிடித்தார். நடக்கும் சத்தமும் யாரோ அடி சொல்லும் சத்தமும் கேட்டன. பிறகு கடப்பாரை மண்ணில் விழும் சத்தம். ஐந்தாறு குத்துக்குப் பிறகு மாரியப்பனின் குரல் வந்தது.

"பழைய குழியோட கேசிங் பைப்பு தட்டுதுங்க அம்மிணி. ஒண்ணரை அடிதான். நாம இறக்கலாம்னு வெச்ச எடத்துக்கு நாலடிகூட இல்லீங்க."

"அப்ப எங்க இறக்கப்போறீங்க?"

தேங்காய் பார்த்தவர் மேற்கே வாய்க்கால் ஓரமாக இன்னொரு இடமும் சொல்லியிருக்கிறாராம். அது இரண்டு குழிக்கும் தொண்ணூறு அடிக்கு மேல். சாரதாமணியும் சரி என்றுவிட்டாராம். வண்டியை நகர்த்துகிறோம் என்று மாரியப்பன் வைத்துவிட்டார். ஜெயபிரகாஷ் நாலடி, நாலடி என்று இரண்டு முறை சொன்னான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

கமலவேணி எழுந்திருக்கவில்லை. முதலில் மொத்தத்தையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தாள். ஒன்றைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோவது என்று கைப்பைக்குள் போட்டாள். பிறகு அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லாகின் போட்டாள். வருகிறவர் போகிறவர் தொட்டால் பாட்டு கேட்கலாம், மேப் பார்க்கலாம். போர் பதிவு அவர்கள் கண்ணுக்கே தெரியாது. எழுத, திருத்த அவளுடைய லாகின். அட்மினுக்குப் புது பாஸ்வேர்டு வைத்து, ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி ஜெயபிரகாஷிடம் நீட்டினாள். பீரோவில் வையுங்கள், தீப்பிடித்தாலொழியப் பிரிக்காதீர்கள் என்றாள்.

"அப்ப தெனப்படிக்கு எனக்கு?"

"எல்லாத்தையும் பாக்கலாமுங்க தம்பி. அழிக்க முடியாது, மாத்த முடியாது."

"என்ர ஆபீசுல எனக்கே அவ்வளவுதானா?"

"வண்டி உங்களுதுதானுங்க. நீங்க என்ன தெனமும் ஸ்டியரிங்கா புடிக்கறீங்க?"

ஜெயபிரகாஷ் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபப்படுவதா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து பீரோவைத் திறந்து, லாரிகளின் ஆர்.சி. புத்தகங்களுக்கு அடியில் கவரை வைத்துப் பூட்டினான். இரண்டாவது வண்டியின் சர்வீஸ் விவரமும் இதே மாதிரி அவன் தொட முடியாத இடத்தில் இருந்தால் நல்லது என்று வாசல்படியில் நின்றபடி சொன்னான்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன் என்றாள் கமலவேணி.