பயணத்தின் நோக்கம்

டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் மகேந்திரராசாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசை, ஆகஸ்ட் பிறந்தால் கணக்கு மேசையாகிவிடும். அவர் கணினிப் பொறியாளர். லண்டனில் தம் பெயரில் ஒரு சிறு கம்பெனியைப் பதிந்துகொண்டு, அங்குள்ள காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்த வேலை செய்துவந்தார். திங்கள் விமானமேறினால் வியாழன் திரும்புவார். கணக்கு மனைவி யோகமலரின் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். கம்பெனியின் செயலாளராகக் கையொப்பமிடுபவரும் அவரே.

பிரித்தானிய வரிச் சட்டத்தை அவர் கரைத்துக் குடித்திருந்தார். பயணச் செலவை வரியில் கழிப்பதானால் வேலையிடம் தற்காலிகமானதாக இருக்க வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்த நாளோடு அந்தக் கழிவு நின்றுவிடும். பயணம் முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே அமைய வேண்டும். போன இடத்தில் வேலையும் பார்த்தேன், சொந்த அலுவலும் பார்த்தேன் என்றால் செல்லாது.

“இந்த மே மாதத்து டிக்கெட்,” என்றார் யோகமலர். “அந்தக் கிழமை உங்களுக்கு லீவெல்லோ. பிறகென்னத்துக்குப் போனீங்கள்?”



அது, இலங்கையில் போர் முடிந்ததென்று செய்திகள் சொன்ன வாரம். யோகமலரின் ஒரே தம்பி குலேந்திரன் வன்னியில் அகப்பட்டிருந்தான். யோகமலர் அன்ன ஆகாரமின்றித் தொலைபேசியடியிலேயே கிடந்தபடியால்தான் மகேந்திரராசா லீவு எடுத்தார். அப்போது லண்டனிலிருந்து புஷ்பராணி அவருடைய கைபேசிக்கு அழைத்தார். புஷ்பராணி யோகமலரின் ஊர்க்காரி. ஷெல்லடியில் இறந்த குலேந்திரனைப் புதைத்தவர் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்திருப்பதாகவும், மறுநாள் தம் வீட்டுக்கு அழைப்பு எடுப்பார் என்றும் சொன்னார். ஒருவர் சொல்லி மற்றவர் கேட்ட இழவுச் செய்தியை நம்பலாகாது என்று மகேந்திரராசா எண்ணினார். அவசர வேலை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு லண்டனுக்குப் பறந்து, புதைத்தவரின் வாயாலேயே கேட்டார். சொன்ன பொய்க்கு ஒரு காலாவது இருக்கட்டும் என்று அலுவலகத்திலும் இரண்டு மணி நேரம் தலையைக் காட்டினார்.

திரும்பி வந்தபின் சொல்ல வாய் எழவில்லை. சமயம் பார்த்துச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போடப் போட அது பாரமாகியது. யோகமலரோ தம்பியைத் தேடித் தருமாறு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிக்கொண்டேயிருந்தார். அந்தக் கிழமை தம்மைத் தனியே விட்டு வேலைக்கு ஓடிய கணவரோடு அளந்தே பேசினார்.

“வேலைக்குத்தான். கந்தோருக்குப் போனனான்தானே.”

“போனது தெரியும். அதுக்காகத்தான் லண்டனுக்குப் போனீங்களோ எண்டு கேக்கிறன்.”

“ரெண்டு மணித்தியாலம் இருந்தனான்.”

“ரெண்டு மணித்தியாலத்துக்கு ஆர் பிளேன் ஏறுறது? பெயரில மட்டும்தான் ராசா, தெரியுமோ? நான் கையெழுத்து வைக்கிற கணக்கு இது. வேலையெண்டால் வேலையெண்டு சொல்லுங்கோ, எழுதுறன்.”

ஓம் என்று ஒரு சொல் போதும், அவர் எழுதிவிடுவார். இத்தனை நாளும் அந்தப் பொய் மகேந்திரராசாவுடையது. இனி, தம் தம்பியின் சாவை மறைத்த பொய்க்கு யோகமலரே அறியாமல் கையொப்பமிடுவார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க மகேந்திரராசாவால் முடியவில்லை.

“எழுதாதையும். வேலைக்குப் போகேல்லை.”

“பிறகு?”

மகேந்திரராசா எழுந்து அடுப்படிக்குப் போனார். “முதல்ல ரெண்டு வாய் சாப்பிடும். பிறகு சொல்லுறன்.”

யோகமலரின் பேனா நின்றது. அவர்கள் ஊரில் இழவு சொல்ல வருபவர், உரியவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை. சொல்லிவிட்டால் அன்று அந்த வீட்டில் யாரும் சோற்றைத் தொடமாட்டார்கள்.

“தம்பியோ?”

சோற்றுக் கோப்பையோடு நின்ற மகேந்திரராசா ஓமென்று தலையை அசைத்தார்.

“எப்ப?”

“சண்டை முடியிறதுக்கு முதல் கிழமை. நான் போனது அதை விசாரிக்கத்தான்.”

யோகமலர் அழவில்லை. பேனாவை மூடி டிக்கெட்டின் மேல் வைத்தார்.

“அப்ப முப்பத்தொண்டாம் நாளும் போட்டுது. அந்தியேட்டிக் கிரியைகூட இல்லாமல் அவனை விட்டிட்டீங்கள். நான் கடிதம் கடிதமா எழுத, பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், என்ன?”

“உமக்காகத்தான்…”

“எனக்காகவெண்டு சொல்லாதேங்கோ.” தொலைபேசியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். “கோயில் ஐயருக்கு அடியுங்கோ. ஏன் இவ்வளவு பிந்தினதெண்டு அவர் கேப்பார். அதையும் நீங்களே சொல்லுங்கோ.”