கரும்பலகையை மறைத்தவர்

மாணிக்கராஜ் சார் பெங்களூருக்குப் போய்வந்தவர். சங்கரன்கோவிலில் பெங்களூர் போய்வந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. தறிக்காரர்கள் சேலை மூட்டையோடு போவார்கள். விற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சார் போனது, இங்கிலீஷை எப்படிக் கற்பிப்பது என்று கற்றுக்கொள்ள. பயிற்சி என்னவோ நான்கு மாதம்தான். ஆனால் வந்து இத்தனை வருஷமாகியும் அவர் இன்னும் அந்த ரயிலை விட்டு இறங்கவில்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அவர் வாயைத் திறந்தால், "பெங்களூர்ல நாங்க" என்றுதான் ஆரம்பம்.

மூக்குக்கண்ணாடிக் கூட்டில் சாக்பீஸ் வைத்திருப்பார். சட்டைப்பையில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். முகம் பார்க்க அல்ல, உதடு பார்க்க. பயிற்சிக்கு வந்த ஒவ்வொருத்தியும் அதைக் கையில் பிடித்து, உதட்டைக் குவித்து, விரித்து, பல்லுக்கடியில் நாக்கை நீட்டி இங்கிலீஷை வெளியே இழுக்க வேண்டும். கோமதித்தாயும் இழுத்துப் பார்த்தாள். குவித்த உதட்டிலிருந்து அவள் ஊரான குருவிகுளம்தான் வந்தது.

சார் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. இங்கிலீஷ் வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல் விழக்கூடாது. மாம்பழம் என்றால் மாம்பழத்தைக் காட்டு. ஓடுவது என்றால் ஓடிக் காட்டு. "அழுகிறதுன்னா சார்?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "அத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சொன்ன சொல் தவறாதவர். பார்த்துக்கொண்டார்.

எப்படி நடத்துவது என்று ஒருநாள் நடத்திக் காட்டுங்கள் என்றால் மட்டும், "டெமான்ஸ்ட்ரேஷன் நெக்ஸ்ட் வீக்" என்பார். அந்த அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்த முந்தைய செட்டுக்காரிகள் இப்போது வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளை பெற்றிருந்தார்கள்.

அவருடைய உண்மையான மேடை விமர்சன வகுப்பு. பயிற்சிப் பள்ளியை ஒட்டியே மாதிரிப் பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்புக்கு ஒருத்தி பாடம் நடத்துவாள். மற்றவர்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து அவள் செய்த தப்புகளை எழுதுவார்கள். ஆளுக்கு மூன்று தப்பாவது எழுத வேண்டும். தப்பில்லை என்று எழுதினால், "தென் யூ ஆர் பிளைண்ட்" என்று எழுதியவளுக்குக் குருட்டுப் பட்டம். ஆகவே விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் கார்த்திகை பிறப்பதற்குள் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். கோமதித்தாயின் பக்கத்துப் பாய்க்காரி சுந்தரபாய். உபதேசியார் மகள், இரவில் முழந்தாளிட்டு எல்லோருக்காகவும் ஜெபிப்பாள், காலையில் எல்லோரைப் பற்றியும் எழுதுவாள். கோமதித்தாயின் ஜாக்கெட் ஊக்குப் பிள்ளைகளின் கவனத்தைச் சிதறடித்தது என்று எழுதினாள். சுந்தரபாயின் குரல் நெல் அவிக்கிற பானை மூடி போல இருக்கிறது என்று கோமதித்தாய் எழுதினாள்.

மணி அடித்ததும் தப்புகள் வாசிக்கப்படும். கடைசியில் சார் எழுந்திருப்பார். பாடம் சொல்லும்போது செருப்பில்லாமல் முள்ளுக்காட்டில் போவதுபோல எட்டு வைக்கிற அவருடைய இங்கிலீஷ், ஏசும்போது மட்டும் சித்திரைத் தேர் வடத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி ஓடும். "யூ ஆர் ஹைடிங் தி போர்டு" என்று கரும்பலகையைக் கையால் அறைந்து காட்டுவார். "நோபடி கேன் ஹியர் யூ" என்று காதைப் பொத்திக் காட்டுவார். "யூ ஆர் வேஸ்டிங் அவர் டைம்" என்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுவார். கடைசியாக, "சிட் டவுன், யூ யூஸ்லெஸ் ஃபெல்லோ" என்று பெஞ்சைக் காட்டுவார். பெண்ணை ஃபெல்லோ எனலாமா என்று கேட்கிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

இவ்வளவும் நடக்கும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பிள்ளைகளுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே.

கோமதித்தாய்க்கும் சாருக்கும் பகை மூண்டது ஒரு தேளால். அடைமழைக் காலம். ஓட்டுக் கூரையிலிருந்து விழுந்த தேள் ஒன்று செல்லச்சாமி என்கிற பையனின் கால்மாட்டில் ஊர்ந்தது. கோமதித்தாய் கையிலிருந்த மாம்பழப் படத்தைப் போட்டுவிட்டு, "ஏலே செல்லச்சாமி, காலத் தூக்குல, தேளு" என்று கத்தி, டஸ்டரால் அதை அடித்துக் கொன்றாள்.

விமர்சனத்தில் சார் பாய்ந்தார். தாய்மொழியைப் பயன்படுத்திய குற்றம் ஒன்று. அதைவிடப் பெரிய குற்றம், பாடத்துக்கு உதவும் பொருள் தானாக நடந்து வந்திருக்க, அதை அடித்து வீணாக்கியது. தேளைச் சுட்டிக்காட்டி, "திஸ் இஸ் எ ஸ்கார்ப்பியன்" என்று சொல்லி, வகுப்பு முழுவதையும் மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்திருக்க வேண்டும். பெங்களூரில் அப்படித்தான்.

"சார், மூணாவது தடவ சொல்லதுக்குள்ள அது கொட்டிரும் சார்" என்றாள் கோமதித்தாய்.

பின்பெஞ்சு சிரித்தது. சுந்தரபாய் கூடச் சிரித்தாள். சாருடைய உதடுகள் எந்தக் கண்ணாடியிலும் பார்த்திராத வடிவத்துக்குப் போயின. சட்டத்தைப் போட்டவரே தமிழுக்கு இறங்கினார்.

"ஏட்டி, பிராக்டிகல் எக்ஸாம் வரட்டும். நீ எப்படி டீச்சராகி இந்த கேட்டத் தாண்டுதேன்னு நானும் பாக்கேன்."

அது வெறும் கோபப்பேச்சு அல்ல. செய்முறைத் தேர்வில் தேறாவிட்டால் மறுபடியும் ஒரு வருஷம் அங்கேயே இருந்து பயிற்சி எடுக்க வேண்டும். இன்னொரு வருஷம் இதே கண்ணாடி, இதே பெங்களூர், இதே மாணிக்கராஜ். ஆடித்தபசில் அம்மன் ஒற்றைக்காலில் நின்றது சாமியைப் பார்க்க. சார் அன்றிலிருந்து ஒற்றைக்காலில் நின்றது அவளைத் தோற்கடிக்க. அவள் எப்போது வகுப்பெடுத்தாலும் ஏச்சு இரட்டிப்பானது. போர்டைப் பார்த்து எழுதினால் மறைக்கிறாள். விலகி நின்று எழுதினால் கோணலாக எழுதுகிறாள். எழுதாவிட்டால் சோம்பேறி.

தை மாதத்தில் ஒருநாள் இடைவேளையில் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் விளையாடுவதை அவள் பார்த்தாள். முத்துத்தாய் என்கிற சிறுமி மரத்தில் குச்சியால் எழுதிக்கொண்டிருந்தாள். செல்லச்சாமி இடுப்பில் கைவைத்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, "யூ ஆர் ஹைடிங் தி போர்டு" என்று மரத்தை அறைந்தான். "சிட் டவுன், யூ யூஸ்லெஸ் ஃபெல்லோ." முத்துத்தாய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல நடித்தாள். அப்புறம் ஆள் மாறிக்கொண்டார்கள்.

"என்ன மக்கா வெளையாட்டு இது?" என்று கேட்டாள் கோமதித்தாய்.

"இங்கிலீஷ் வெளையாட்டு டீச்சர். நீங்கதான் இவ."

கோமதித்தாய் திரும்பி வந்துவிட்டாள். பிள்ளைகளும் பகையாகிவிட்டார்கள் என்றுதான் அப்போது நினைத்தாள்.

பங்குனியில் தேர்வு. வெளியூர் எக்ஸாமினராக வந்தவர் அருமைநாயகம். ஓய்வு பெறப் போகிற வயசு. தென்காசிக்குப் போகிற பஸ்ஸைத் தவிர உலகத்தில் வேறெதிலும் நாட்டமில்லாத முகம். எத்தனையோ ஊரில் எத்தனையோ மாம்பழப் படங்களைப் பார்த்துச் சலித்தவர். சுந்தரபாய்க்கு மறுநாள்தான் முறை; இருந்தும் பின்பெஞ்சில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டாள், வேடிக்கை பார்க்க.

கோமதித்தாய் நடத்தினாள். கதவைத் திறந்தாள், "ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்" என்றாள். சாத்தினாள்; அதையும் சொன்னாள். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள், கோயிலில் பிரசாதம் வாங்குகிற வரிசையில் நிற்பவர்களின் முகத்தோடு. தமிழ் வரவில்லை. தேளும் வரவில்லை. சுமாராகத்தான் முடிந்தது.

எக்ஸாமினர் பேனாவைத் திறந்தார். சார் அதற்குள் எழுந்துவிட்டார்.

குற்றப்பத்திரிகை நீண்டது. கதவைத் திறந்த கை இடக்கை. சாத்தியபோது முகத்தில் மலர்ச்சி இல்லை. போர்டை மறைத்தாள். குரல் எழவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாகப் பேசவில்லை. பெங்களூரில் இப்படி ஒருத்தி நடத்தியிருந்தால் என்று ஆரம்பித்தபோது, அருமைநாயகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் போய்க்கொண்டிருந்தது அவர் முகத்தில் தெரிந்தது.

"வே மாணிக்கராஜ், எப்படி நடத்தணுமோ அத நீரே கொஞ்சம் நடத்திக் காட்டிரும். பேச்சக் கொறச்சுக்கிடலாம்."

பின்பெஞ்சு முழுக்க முன்னால் சாய்ந்தது. அந்த அடுத்த வாரம் வந்தேவிட்டது.

சார் போர்டுக்குப் போனார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து சாக்பீஸை எடுத்தார். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் மரம் வரைய ஆரம்பித்தார். மாதிரிப் பள்ளியின் போர்டு சின்னது. சாருடைய முதுகு சின்னதல்ல. மரம் எங்கோ அதற்கு அப்பால் வளர்ந்துகொண்டிருந்தது. திரும்பாமலே, பாகாக உருகின குரலில் கேட்டார்.

"சில்ட்ரன், வாட் ஆம் ஐ டூயிங்?"

முத்துத்தாய் கையைத் தூக்கினாள். எழுந்து, கணீரென்று சொன்னாள்.

"யூ ஆர் ஹைடிங் தி போர்டு, சார்."

குறும்பு இல்லை அவள் முகத்தில். போர்டின் முன்னால் நிற்கிற ஒருவரைப் பற்றி இங்கிலீஷில் இதைத்தான் சொல்வார்கள் என்று அந்த வருஷம் முழுக்க அவள் காதால் கேட்டிருக்கிறாள், கண்ணால் பார்த்திருக்கிறாள்.

சார் விலகி நின்றார். "நோ, நோ" என்றார், தொண்டை கம்மிவிட்டது. "லிசன். வாட் ஆம் ஐ சேயிங்?"

"நோபடி கேன் ஹியர் யூ, சார்" என்றான் தங்கப்பழம் என்கிற பையன். காதைப் பொத்தியும் காட்டினான்.

அருமைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கம் போய்விட்டது.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தது பெரிய பிசகு. நேரத்தைக் கேட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருப்பார் போல. அவர் கடிகாரத்தைத் தட்டியதும், கேள்வி வருவதற்கு முன்னாலேயே செல்லச்சாமி எழுந்துவிட்டான்.

"யூ ஆர் வேஸ்டிங் அவர் டைம், சார்."

அதற்கடுத்த வாக்கியம் எது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வகுப்பே வாயைத் திறந்தது. "ஸ்டாப்" என்று சார் அலறியதால் உட்காரச் சொல்லும் வரை வந்தது, மீதி வரவில்லை. சார் உட்கார்ந்தார்.

அருமைநாயகம் மெல்லக் கேட்டார். "இந்தப் பிள்ளைகளுக்கு இந்த இங்கிலீஷச் சொல்லிக்கொடுத்தது ஆரு?"

சார் துள்ளி எழுந்து விரலை நீட்டினார். "இவதான் சார். இந்தக் கோமதித்தாய்தான். பூராவும் இவ வேலை. வருஷம் பூரா இந்தக் கிளாசுல நின்னது இவதான்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"பைபிள் மேல கைவச்சுச் சொல்லுவேன் சார்."

அருமைநாயகம் எழுதினார். எழுதிக்கொண்டே பேசினார். "முப்பது வருஷமா இந்த ஜில்லாவுல சுத்துதேன். கேட்ட கேள்விக்கு மனப்பாடம் பண்ணினதக் கிளிப்பிள்ள மாதிரி ஒப்பிக்காம, கண்ணு முன்னால என்ன நடக்குதோ அதப் பிள்ளைக இங்கிலீஷ்ல சொல்லுறத இன்னைக்குத்தான் கேக்கேன். சொன்னதுல தப்பு உண்டா? மறைக்கத்தான் செஞ்சீரு."

மார்க்கைப் பார்த்த சாருடைய நிறம் மாறியது. குற்றம் என்று நினைத்து அவள் தலையில் கட்டியது கிரீடமாகிவிட்டது.

"சார், ஒரு நிமிஷம். உண்மையில அந்த சென்டென்ஸ் எல்லாம் என்னோடது சார். நான்தான் டெய்லி..."

"டெய்லி?"

டெய்லி என்ன செய்தார் என்று சொல்ல வேண்டுமானால், பிள்ளைகள் முன்னால் டீச்சர்களை ஏசினேன் என்று சொல்ல வேண்டும்.

"இப்பத்தான பைபிள் மேல கைவச்சீரு" என்றார் அருமைநாயகம். "பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வருதுன்னதும் அது உம்மோடதாயிட்டா? நீ சொல்லும்மா. நீதான சொல்லிக்கொடுத்த?"

கோமதித்தாய் சாரைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அந்தப் பெருமை சாருக்குப் போகும்; நியாயப்படி அவருக்குப் போகவேண்டியதுதான். அந்த ஊரில் பெங்களூர் முறைப்படி, ஒரு தமிழ்ச் சொல் இல்லாமல், செய்துகாட்டி இங்கிலீஷ் கற்பித்த ஒரே ஆள் அவர்தான். இன்னொரு வருஷத்து உதட்டுக் கண்ணாடியும் அவளுக்கு நினைவு வந்தது.

"சார் சொன்னாச் சரியாத்தான் சார் இருக்கும்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

அருமைநாயகம் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். வாசலில் சுந்தரபாய் வழிமறித்தாள்.

"நீயாட்டி சொல்லிக்கொடுத்த? மனச்சாட்சி இருக்காட்டி ஒனக்கு?"

"இருக்கு. நாளைக்கு ஒனக்குத்தான பிராக்டிகல்? எல்லாத்துக்கும் போர்ட விட்டுத் தள்ளியே நில்லு."

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் சாருடைய கையெழுத்தோடு உத்தரவு ஒன்று தொங்கியது. பயிற்சிப் பெண்கள் முண்டியடித்துப் படித்தார்கள். இனிமேல் மாதிரிப் பள்ளியில் பிள்ளைகள் காதுபட நடக்கும் விமர்சனம் முழுவதும் தமிழில் மட்டுமே இருக்க வேண்டும். மீறுபவர்கள் மேல் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.

உத்தரவு இங்கிலீஷில் இருந்தது.