ஆற்றில் விழுந்த பந்து

இச்சாஸ்பே ஊர் மைதானத்துக்கு மூன்று பக்கம்தான் வேலி. நாலாவது பக்கம் ஆறு. கடலுக்கு அரை மைல் முன்னால் அகலமாகி, உப்பேறி, பேயாக இழுத்துக்கொண்டு ஓடும் ஆறு. பந்து அதில் விழுந்தால் படகோட்டி சோத்தேரோ தன் படகில் போய் எடுத்து வருவார். ஊருக்குள் கால்பந்து நுழைந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். வெளியூரிலிருந்து வரும் நடுவர்கள் முதலில் முறைப்பார்கள், பிறகு கரையில் கைகட்டி நிற்பார்கள். வேறென்ன செய்ய, ஆற்றோடு மல்லுக்கட்டவா முடியும்?

ஸ்பெயினில் தேசிய லீக் தொடங்கி அது மூன்றாவது வருஷம். பெரிய பெரிய நகரங்கள் ஆடும் முதல் பிரிவில் மீன் நாற்றமடிக்கும் இந்த ஊரும் ஆடியதே ஒரு கூத்துதான். அந்தக் கூத்துக்கும் முடிவு நெருங்கியிருந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டம். பட்டியலின் அடியில் கிடந்த இரண்டு அணிகள் நேருக்கு நேர்: இச்சாஸ்பேயும் மொந்தால்பாவும். ஒன்று பிழைக்கும், ஒன்று இரண்டாம் பிரிவுக்குக் கீழே போகும்.

கீழே போனால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று கால்பந்துக் கழகத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். சோத்தேரோவின் மகன் பிஷென்தேதான் அணியின் நடு முன்கள ஆட்டக்காரன். சம்பளம் நின்றால் அவன் வியாழக்கிழமை புறப்படும் மீன்பிடிக் கப்பலில் ஏறியாக வேண்டும். கடலுக்கு அக்கரை நியூஃபவுண்ட்லாந்து வரை போய்த் திரும்ப எட்டு மாதம். அவன் மனைவிக்கோ இது ஏழாவது மாதம். சோத்தேரோவின் மூத்த மகன் கொஸ்மே அதே கடலுக்குப் போய்த்தான் திரும்பாமல் போனான். புதைக்க ஓர் உடம்புகூட வரவில்லை. சோத்தேரோவுக்கு லீக்காவது மண்ணாங்கட்டியாவது! இருக்கிற ஒரு பிள்ளை கரையில் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆட்டத்துக்கு முன்னால் கழகச் செயலாளர் எவாரிஸ்தோ படகுத்துறைக்கு வந்தார். ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர், படித்தவர்.

"சோத்தேரோ, இன்னைக்கு ஜெயிச்சாப் போதும்யா. பாயிண்ட் சமமாயிடும். அப்புறம் சீசன் முழுக்க யாரு அதிகமா கோல் போட்டாங்கன்னுதான் பார்ப்பாங்க. அதுல நாமதான் மேல."

"நல்லதுங்க."

"நாம முன்னால இருக்கிறப்போ பந்து தண்ணியில விழுந்தா அவசரப்படாதய்யா. தோள் வலிக்குதுன்னு சொல்லு."

"எனக்கு நெஜமாவே வலிக்குதுங்க."

"அப்போ பொய் சொல்ற பாவம்கூட உனக்கில்ல, போ!"

படித்த மனுஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே நம்பியது. படித்த மனுஷன் படித்தது போன வருஷத்து விதித்தாள். இந்த வருஷத்துத் தாள் அவர் கடை மேசை இழுப்பறைக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது.

அன்று பிஷென்தே வெறி பிடித்தவன் மாதிரி ஆடினான். பந்தின் தோல்வார் முடிச்சு நெற்றியைக் கிழித்து ரத்தம் வழிய வழிய, முதல் பாதியிலேயே இரண்டு கோல். இடைவேளைக்குப் பிறகு மாற்றுப் பந்து தையல் விட்டுப் போனது. இருந்தது ஒரே பந்து. ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது, மொந்தால்பாவின் பின்கள ஆட்டக்காரன் ஒருவன் அதை ஓங்கி ஆற்றில் உதைத்தான்.

"தோத்துக்கிட்டு இருக்கிறவன் ஆத்துல அடிக்கிறான் பாருடா! கண்ணாடி வாங்கிக் குடுங்கடா அவனுக்கு!" என்று கரை முழுக்கச் சிரிப்பு.

சோத்தேரோ சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஆற அமரப் போய் எடுத்து வந்தார். பந்து திரும்பிய மறு நிமிடமே அவன் மறுபடியும் உதைத்தான், இன்னும் தூரமாக. ஊர் மறுபடியும் சிரித்தது. ஒருவனுக்காவது உறைத்திருக்க வேண்டாமா? பிஷென்தே ஒருவனுக்குத்தான் உறைத்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கத்தினான்.

"அப்பா! எறிங்கப்பா! இவனுங்க வேணும்னே அடிக்கிறானுங்க! ஏதோ இருக்கு, சீக்கிரம்!"

சோத்தேரோவுக்கு நன்றாகவே கேட்டது. மூணாவது கோலுக்கு ஆசைப்படுகிறான், பைத்தியக்காரப் பயல், என்று நினைத்துக்கொண்டார். உன் உயிரைக் காப்பாற்றத்தானடா இந்தப் பாடு. பந்தை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு, ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டு, படகை ஒரு சுற்று சுற்ற விட்டார். கரையிலிருந்து கைதட்டல் காதைப் பிளந்தது. மகன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

பந்து கரை சேர்ந்தபோது இரண்டு நிமிடம்தான் மிச்சம். பிஷென்தே அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போனது. நடுவருக்கு ஆறு மணி ரயில். வீணான நேரத்தைக் கூட்டிக் கொடுக்காமல் விசில் ஊதிவிட்டார்.

சோத்தேரோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அந்த உயரத்திலிருந்துதான் அவர் பார்த்தார், மொந்தால்பாக்காரர்களும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"தோத்துட்டு எதுக்குய்யா ஆடுறானுங்க?" என்றான் தூக்கியிருந்தவன்.

மொந்தால்பாவின் கேப்டன் சட்டைப் பையிலிருந்து இந்த வருஷத்து விதித்தாளை எடுத்து எவாரிஸ்தோவிடம் நீட்டினான். பாயிண்ட் சமமானால் அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் கோல்தான் முதலில் கணக்கு. டிசம்பரில் மொந்தால்பாவில் ஒன்றுகூடப் போடாமல் வாங்கிய அடி மூன்று. இன்று போட்டது இரண்டு. இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் அதுவும் சமமாகி, சீசன் மொத்தக் கணக்கில் இச்சாஸ்பே பிழைத்திருக்கும். எவாரிஸ்தோ இரண்டு தடவை படித்தார். பிறகு தாளைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தார். தோளில் இருந்தவரை யாரோ மெல்லக் கீழே இறக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை கப்பல்காரர்களின் அலுவலகத்தில் பிஷென்தே கையெழுத்துப் போட்டான். சோத்தேரோ அவனைத் தள்ளிவிட்டு முன்னால் போனார்.

"அவன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. வயசு ஐம்பதுதான்."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தான். "பெரியவரே, வரிசையை மறைக்காதீங்க."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுடா."

"தெரியும்பா."

"கேட்டும்தான் மெதுவா வந்தேன்."

"அதான் தெரியும்னு சொல்றேனே. என்னைக் கரையில நிறுத்தணும்னுதானே செஞ்சீங்க. விடுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நாலு பேர் பார்க்க ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பிஷென்தே அப்பாவின் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, மழை படாமல் பொத்தானைப் போட்டான்.

"பிள்ள பொறந்ததும் பேரை நீங்களே வெச்சிடுங்கப்பா. எனக்காகக் காத்திருக்க வேணாம்."