கண்ணாடியைத் துடைக்கும் வக்கீல்

ஜான்சியால் அந்த நாவலில் ஐந்தாவது அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தடித்த ஆங்கில நாவல்களைக் கல்லூரியில் சாப்பாட்டை மறந்து படித்தவள்தான். இப்போது ஞாயிறு பூசை முடிந்து முதுநகர் வீட்டுக்கு வந்ததும் அந்த நாவலைத் திறந்து உட்காருவாள். சாயங்காலத்துக்குள் யார் யாருக்கு என்ன உறவு என்பதே குழம்பிவிடும். அடுத்த ஞாயிறு மறுபடி முதல் பக்கம்.

கண்ணில் குறையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கணவர் ராபர்ட் இறந்தபின் வீட்டில் பேச்சுக்குரல் கிடையாது. வாசிப்பும் கைவிட்டால் மாலைகளை எப்படிக் கழிப்பது என்பதுதான் அவளுடைய பயம்.

திங்கட்கிழமை, சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகும் ரயிலில், தினமும் கூட வரும் கயல்விழி புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"தலைக்கு வச்சித் தூங்கவாக்கா?"

"போடி. இதுல ஒரு வக்கீல். வரும்போதெல்லாம் கண்ணாடியத் தொடைக்கிறாரு. எரிச்சலா வருது."

கயல்விழி அதற்குள் எதிர் சீட்டுப் பெண்ணிடம் திரும்பிவிட்டாள். "நேத்து எங்க வீட்ல கரண்டு போயிடுச்சி. சீரியல்ல என்ன ஆச்சி? அவ உண்மைய சொல்லிட்டாளா?"

"எங்க சொன்னா? வாயத் தொறந்தா, தொடரும்னு போட்டுட்டான்!"

ஜான்சி புத்தகத்தின் முன்னுரையைத் திருப்பினாள். எப்போதும் தாண்டிப் போகும் பக்கம். நாவல் முதலில் மாதம் ஒரு பாகமாக வெளிவந்ததாம்; மூன்று அத்தியாயம் ஒரு பாகம். வக்கீல் ஏன் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று அப்போது புரிந்தது. ஒரு மாதம் கழித்து வரும் வாசகருக்கு அவரை அடையாளம் காட்ட அது போதும். பாகத்தின் கடைசியில் யாராவது கதவைத் தட்டுவார்கள். வாசகர்கள் அடுத்த மாதம்வரை அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். அவளோ அந்த இடைவெளியை எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விழுங்கப் பார்த்தாள். கல்லூரியிலும் ஒரே மூச்சில் படித்ததில்லை. மணி அடித்து விடுதி விளக்கை அணைத்துவிடுவார்கள். காலையில் சாப்பாட்டு வரிசையில் தோழிகளுக்குக் கதை சொல்வாள். இப்போது கேட்க யாருமில்லை.

அன்று மாலை நான்கு முதல் ஆறு வரை, இரண்டாம் பாகத்தை முடித்தாள். பக்கத்தைப் புரட்டக் கை போனது. புத்தகத்தை மூடினாள். வீடு அப்படியேதான் இருந்தது. ஆனால் கதவைத் தட்டியது யார் என்ற கேள்வி இரவெல்லாம் கூடவே இருந்தது.

மறுநாள் கயல்விழியிடம் கதையைச் சொன்னாள்.

"அப்பறம்? அந்தப் பொண்ணு கதவத் தொறந்தாளா?"

"தெரியாதுடி. இன்னும் படிக்கல."

"இன்னும் படிக்கலயா? அக்கா, நாளைக்குச் சொல்லாம நீங்க எறங்கக் கூடாது!"

அன்றிலிருந்து ஜான்சி படிப்பது இப்படித்தான்: மாலைக்கு ஒரு பாகம், அதற்குமேல் ஒரு பக்கமும் இல்லை, படித்ததை மறுநாள் காலை ரயிலில் ஒருத்தியிடம் சொல்லியாக வேண்டும்.