இங்கிலீஷில் வராத பொய்

குற்றாலத்து விடுதி ஒன்றில் அறை பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றும் யோகலட்சுமிக்கு ஒரே ஆசை: வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுழல் நாற்காலி. நாலு வருஷமாக நின்ற காலோடு வேலை. நாற்காலி காலியானதும் முதலாளி கணேசமூர்த்தி அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

"சீசனுக்கு எங்கெங்க இருந்தெல்லாமோ வருதாவ. இங்கிலீஷ்ல பேசி ஒருத்தரைத் தங்க வச்சுக் காட்டு. நாற்காலி உனக்கு. இல்லைன்னா வெளிய ஆள் எடுத்துருவேன்."

அன்றைக்கே தென்காசியில் ஹஸீபா டீச்சரின் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். வாரம் ஒரு வினைச்சொல். மூன்றாம் வாரம் 'ரைஸ்'. சூரியன் உதித்தாலும் ரைஸ், விலை ஏறினாலும் ரைஸ், புகை கிளம்பினாலும் ரைஸ், பெரியவர்கள் வரும்போது எழுந்து நின்றாலும் ரைஸ் என்றார் டீச்சர். யோகலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. ஒரே மாட்டை எத்தனை வண்டியில்தான் பூட்டுவார்கள்!

"அவங்கவங்க வேலையில நடந்ததை மட்டும் எழுதணும். கதை விட்டா கோடு போட்ருவேன்" என்றார் டீச்சர்.

யோகலட்சுமி பத்து வாக்கியம் எழுதினாள். எட்டு, அருவித் தண்ணீரைப் பற்றி.

சனிக்கிழமை காலை தண்ணீர், அருவிக்கு முன்னால் இருக்கும் ஆர்ச் வளைவைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை. அண்ணாச்சியின் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு, தடையை வாயால் சொல்லக் கூடாது. "இந்தா, இப்பத் திறந்துருவாவ" என்று பணம் கட்ட வைத்துவிட வேண்டும். யோகலட்சுமியே தமிழில் நூறு பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

பத்து மணிக்கு ஐதராபாத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அண்ணாச்சி கண்ணைக் காட்டினார். இப்போது குளிக்கலாமா என்று அந்த மனிதர் இங்கிலீஷில் கேட்டார்.

யோகலட்சுமி வாயைத் திறந்தாள். மழுப்புவதற்கு அவள் நோட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"வாட்டர் ரைசிங். போலீஸ் ஸ்டாப். நோ பாத்."

அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போனது. அந்த மனிதர் பெட்டியைத் தூக்கினார். போச்சு, நாற்காலி போச்சு என்று நினைத்தாள். சட்டென்று வாசலுக்கு ஓடி மலையைக் காட்டினாள்.

"ஸீ, க்ளவுட் ரைசிங்! ரெயின் ஸ்டாப். டுமாரோ சன் ரைஸ், யூ பாத்!"

அவருடைய மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். படபடவென்று என்னவோ சொன்னாள். யோகலட்சுமிக்குப் பாதிதான் புரிந்தது. அவர்கள் அருவிக்குப் போய், போலீஸ் விரட்டித்தான் வந்திருக்கிறார்கள். மூன்று விடுதிகளில் கேட்டிருக்கிறார்கள். மூன்றிலும் குளிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பெட்டியைத் தூக்கியது, அறைக்குக் கொண்டுபோகத்தான்.

இரண்டு அறை, இரண்டு நாள்.

அண்ணாச்சி உள்ளே போய்க் காபி குடித்து மனசைத் தேற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த யோகலட்சுமி பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்தாள்.

"உக்காரு தாயி. கெஸ்ட் வந்தா எந்திரி, போதும். எனக்கு எந்திரிக்காண்டாம்."

உட்கார்ந்தாள். அண்ணாச்சி வாசல்வரை போய்த் திரும்பி வந்தபோது அவள் எழவில்லை. நோட்டை எடுத்துப் பதினோராவது 'ரைஸ்' வாக்கியத்தை இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி எழுதினாள்: முதலாளி வருகிறார், நான் எழுந்து நிற்கவில்லை.

டீச்சர் கோடு போட முடியாது. நடந்ததுதானே!