நடுவில் நிற்பவன்

சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, அன்றைக்கு அந்த அறையில் யாருக்கு யார்மேல் வருத்தம் என்று கோந்துவுக்குத் தெரிந்துவிடும். அவன் வேண்டுமென்று செய்வதில்லை. கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் கழுத்துக்குப் பின்னால் ஏதோ இறுகும். யாராவது ஒருவர் முகம் சுண்டியிருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வருவான், ஜன்னலைத் திறப்பான், மறுபடி மூடுவான், சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்டு ஒருத்தரைச் சிரிக்க வைப்பான். அதற்குப் பிறகுதான் முதல் கவளம்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவனுக்குக் கோந்து என்று பெயர் வைத்தவர் மாமா. எல்லாருக்கும் அவர் மாமாதான்; உரத்த குரல், பெரிய கை, அதைவிடப் பெரிய கோபம். இன்னொரு மூத்த மெக்கானிக்கை வாத்தியார் என்பார்கள். வயரிங் படத்தைப் பார்க்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தப்பு செய்தவனைப் பெஞ்சுமேல் நிற்க வைக்கிற மாதிரி பேசுவார். இருவரும் ஒரு காலத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஒரு நாள் எல்லாரும் கூடியிருந்த மீட்டிங்கில், மாமா சரிசெய்த பிரேக் ஒன்றை வாத்தியார் "அலட்சியமான வேலை" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் வாத்தியாரின் மனைவிக்கு ஆபரேஷன். டீமில் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள், மாமா போகவில்லை. அதோடு பேச்சு நின்றது.

வேலை மட்டும் நிற்கவில்லை. கோந்து இருந்தானே.

"கோந்து, அந்தாளுகிட்ட மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணச் சொல்லு."

"மாமா, வாத்தியாரு ஸ்விட்ச ஆஃப் பண்ணச் சொல்றாரு."

"பண்ணியாச்சுன்னு சொல்லு."

பத்தடி தூரத்தில் நிற்கிற இருவருக்கும் நடுவே அவன் தபால்காரன்போல ஓடினான். போகிற வழியில் வார்த்தைகளின் முள்ளை எடுத்துவிடுவான். "அறிவிருக்கான்னு கேளு" என்பது அவன் வாயில் "ஒருதரம் பாத்துடுங்களேன்" என்றாகும். இரண்டு பேரும் தனித்தனியாக அவனிடம்தான் மனதைக் கொட்டினார்கள். ஒருநாள் மாமா வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போய், என்ன முகத்தோடு உள்ளே போவதென்று தெரியாமல் திரும்பி வந்த கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, "அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது" என்றார். கோந்து விடவில்லை.

அந்தச் சமயத்தில் டீம் லீடர் வேலையைவிட்டுப் போக, அடுத்தது யார் என்ற கேள்வி எழுந்தது. மேனேஜர் கோந்துவைத் தன்னை வந்து பார்க்கச் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்.

"உங்களுக்கு அந்த வேலை வேணுமா, வேணாமா?"

"மாமா ரொம்ப ஆசப்படுறாரு."

"மாமாவுக்கு என்ன வேணும்னு நான் கேக்கல."

"வாத்தியாரும் எதிர்பாக்குறாருபோல."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏங்க, ஊர்ல இருக்கறவங்க மனசெல்லாம் உங்களுக்குத் தெரியுது. உங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டா மட்டும் முழிக்கிறீங்க."

அவன் எழுந்து போய், சொட்டாத குழாயை இறுக்கிவிட்டு வந்தான்.

மறுநாள் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தில் வேலை. வாத்தியார் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் இறங்கியிருந்தார். மாமா மொட்டைமாடியை ஒட்டிய மோட்டார் அறையில். கோந்து வழக்கம்போல நடுவில், படிக்கட்டில். ஆபீஸிலிருந்து போன் வந்தது: மேடம் உடனே வரச் சொல்கிறார். "இதோ வந்துடறேன்" என்று மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல் கொடுத்துவிட்டு அவன் கிளம்பினான். போய் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் நெஞ்சைக் குடைகிற இந்தப் பூச்சி அடங்கிவிடும் என்று நினைத்தான்.

"வேணாம் மேடம். மாமா சீனியர், அவருக்கே குடுங்க" என்றான், உட்காராமலே.

"மொதல்ல உக்காரு." மேனேஜர் பேனாவை மூடினாள். "போன வருஷம் மத்த டீம்லருந்தெல்லாம் ஆளுங்க விட்டுட்டுப் போனாங்க. உன் டீம்ல ஒருத்தர்கூடப் போகல. அது ஏன்னு நான் யோசிச்சிருக்க மாட்டேன்னு நெனச்சியா?"

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். நாலு வார்த்த நல்லதா பேசுவேன், அவ்வளவுதான்."

"அதுவே இங்க யாருக்கும் வரல. ஆனா ஒண்ணு. எல்லாரையும் குளுர வெக்கத் தெரிஞ்ச உனக்கு, ஒருத்தரையாவது சுட வெக்கத் தெரியுமா? அதுதான் எனக்குத் தெரியணும்."

அவன் வாய் திறப்பதற்குள் மேஜைமேல் போன் அடித்தது. பேசும்போதே அவள் முகம் மாறியது.

அவன் திரும்பி ஓடியபோது வாத்தியார் எப்படியோ தரைத்தளத்துக்கு இறங்கி வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையின் ஒரு கை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. கண்ணாடி இல்லை. நடந்தது இதுதான்: கோந்து இல்லாததால் அவர் மேலே குரல் கொடுக்கவில்லை. விளக்கு அணைந்திருந்தது, ஸ்விட்ச் ஆஃபிலேயே இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். கோந்து இல்லாததால் மாமாவும் கீழே கேட்கவில்லை; சத்தம் இல்லை, ஆள் வெளியே வந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டார். ஸ்விட்சைப் போட்டதும் கூண்டு வாத்தியாரைச் சுமந்துகொண்டு மேலே ஏறியது. அவர் குப்புற விழுந்து, தடவித் தடவிக் கூண்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மேலே காங்கிரீட் கூரை.

"கவலப்படாத, உயிரோடதான் இருக்கேன்" என்றார் வாத்தியார். பிறகு, பழக்கம் விடாமல், "அந்தாளுகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தார்.

இத்தனை நாள் இவர்கள் சேர்ந்து இருந்தது தன்னால்தான் என்று உள்ளுக்குள் கோந்துவுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. இப்போது அது வேறு மாதிரித் தெரிந்தது. பேசாமலே காலம் தள்ளலாம் என்று அவர்களுக்கு வசதி செய்து கொடுத்தவன் அவன்தான்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றான்.

"என்னது?"

"எந்திரிங்க, மேல போகலாம். நடக்க முடியுமில்ல?"

மோட்டார் அறையில் மாமா தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு மூட்டைபோலக் கிடந்தது. அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். பார்வை வாத்தியாரின் கிழிந்த சட்டைக்குப் போய், அங்கிருந்து நழுவிக் கோந்துவிடம் வந்தது.

"கோந்து, அவன்கிட்ட சொல்லுப்பா, நான் வேணும்னு..."

"மாமா, அவரு உங்க எதிர்லதான் நிக்கறாரு." தன் குரல் இப்படி வருமென்று அவனுக்கே தெரியாது. கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். "இனிமே நான் யார் பேச்சையும் தூக்கிட்டுப் போறதா இல்ல. நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசற வரைக்கும் இந்தக் கட்டிடத்துல வேலை கெடையாது. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்து யாரு திரும்பிப் போனாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

"டேய்!" மாமாவின் முகம் கறுத்தது. நம்பிச் சொன்னதை இவன் போட்டு உடைத்துவிட்டான். அந்தப் பார்வையைக் கோந்து இதற்குமுன் தன்மேல் வாங்கியதில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கவேண்டும்போல் கால் துடித்தது. வாத்தியார் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கி.

கோந்து வெளியே வந்து கதவைச் சாத்தினான். ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டி எடுத்த சாவி அவன் கையில் இருந்தது. போன் அடித்தது, மேனேஜர்.

"லிஃப்ட் ஓடலன்னு புகார் மேல புகார் வருது. யார் நிறுத்தி வெச்சிருக்கா?"

"நான்தான் மேடம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல மேடம். முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

படிக்கட்டில் உட்கார்ந்தான். உட்கார முடியாமல் எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். கீழேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் அம்மா ஏறி வந்தாள். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் செருப்பு.

"எப்பதாம்ப்பா சரியாகும்? முட்டி கழண்டு போச்சு."

"உள்ள பேசிட்டிருக்காங்கம்மா."

"லிஃப்டு ரிப்பேருக்கு என்னத்தப் பேசறது?"

அவள் அலுத்துக்கொண்டு அவனுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து கால்களை நீட்டினாள். உள்ளே மாமாவின் குரல் உயர்ந்தது, வாத்தியாரின் குரல் அதை வெட்டியது, ஏதோ இரும்பு தரையில் விழுந்து உருண்டது. பிறகு இரண்டு குரல்களுமே கேட்கவில்லை. ஒரு சத்தம் மட்டும், நீளமாக, விட்டுவிட்டு வந்தது. அது அழுகையா, சிரிப்பா, வெறும் இருமலா? எப்போதும் சொல்லிவிடக்கூடியவனுக்கு இப்போது பிடிபடவில்லை.

அவன் பாதி எழுந்தான். "நீ ஏன்ப்பா தவிக்கற, உக்காரு" என்றாள் அந்த அம்மா. பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து, முந்தானையில் துடைத்து, முறித்து, ஒரு பாதியை அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சாத்திய கதவின் அடியில் தெரிந்த மெல்லிய வெளிச்சக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் இரண்டு நிழல்கள் நின்றன. ஒன்று மற்றதன் பக்கம் அசைந்தது.