இரண்டு பேர் இருந்தால்தான் அன்னம் போகும்

"மிதியுங்கோ அன்ரி, நிப்பாட்டாமல் மிதியுங்கோ."

ஷெரோமிக்கு அதற்கு மேல் மூச்சு வரவில்லை. கொழும்பில் பேர வாவியின் நடுவே, வெள்ளை நிற அன்னப் படகொன்றின் வயிற்றுக்குள் உட்கார்ந்து, கால்மிதியை உயிரைக் கொடுத்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் யோசெப்பின் அன்ரி. அன்ரியின் பக்கம் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்துவிட்டது. ஷெரோமி வானத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். அன்னம் கழுத்தைச் சரித்துக்கொண்டு, யாரிடமோ இரகசியம் கேட்பதுபோல் போய்க்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் சாயாதேங்கோ அன்ரி."

"நான் சாயேல்லை பிள்ளை. அன்னம்தான் சாயுது."

முன்னால், முப்பது யார் தூரத்தில் இன்னொரு அன்னம். அதில் இரண்டு முதுகுகள். நீலச் சட்டை போட்ட முதுகு றொஹானுடையது. அன்ரியின் அண்ணன் மகன், மெல்பேர்னிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. மற்றது, தலைமூடியை இழுத்துவிட்ட சாம்பல் நிற மழைக்கோட்டு. அது யாரென்று ஷெரோமிக்குத் தெரியாது.

நேரம் நாலு பத்து. நாலரைக்கு றொஹான் தீவுப் பூங்காவுக்குப் போகும் பாலத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஷெரோமியின் பிழைப்பு போயிற்று.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக அன்ரிக்குப் பன்னிரண்டு அறைகளோடு ஒரு விடுதி இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஷெரோமிக்கு ஒரு பச்சை ஓட்டோ. தானே ஓட்டி, தானே ஊரைச் சுற்றிக் காட்டுவாள். போன ஞாயிறு பூசை முடிந்ததும் அன்ரி அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"இவனுக்குப் பொம்பிளை பாக்கிறம் எண்டு சொன்னால் ஓடிப் போயிடுவான். போன முறை ஒரு வீட்டிலை கேக்கைத் திண்டிட்டு, குசினிக் கதவாலை போனவன். நீ ஊர் காட்டுற மாதிரிக் கூட்டிக்கொண்டு போ. நாலரைக்குப் பாலத்திலை நிப்பாட்டு. எவ்லினும் மகளும் தற்செயலா அதாலை வருவினம். பெட்டை மஞ்சள் சேலை."

"படம் இருக்கோ அன்ரி?"

"படம் நான் பாக்கேல்லை. இப்பத்தைப் படங்களிலை எல்லாருக்கும் ஒரே முகம். நேரிலை பாப்பம். காரியம் சரிவந்தால் என்ரை விடுதிக்கு வாற ஆக்கள் எல்லாம் உன்ரை ஓட்டோவிலைதான். சரிவராட்டி, வான் ஓடுறவன் ஒருத்தன் அந்த ஓட்டத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கிறான்."

இப்படியான தற்செயல்கள் கொழும்பில் நாள் குறித்துத்தான் நடக்கும். பிடித்தால் அடுத்த கிழமை வீட்டுக்குப் பேச்சுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால், 'அட, நீங்களும் இஞ்சையோ' என்று ஆளுக்கொரு ஐஸ்கிறீம் குடித்துவிட்டுக் கலைந்துவிடலாம். யாருக்கும் முகம் சுருங்காது.

காலையிலிருந்து எல்லாம் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் றொஹான் மெழுகுதிரி கொளுத்தினான். புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பள்ளிவாசலுக்கு முன்னால் இருபத்தாறு படம் எடுத்தான். காலிமுகத்திடலில் இறால் வடை கடித்து, கண்ணில் நீர் வழிய இன்னொன்று கேட்டான். கெட்டது தாமரைக் கோபுரத்தின் உச்சியில்.

"பொழுது படுறதைப் பாத்திட்டுப் போவம். என்ன அவசரம்?" என்றான்.

"ஐயோ, நாலரைக்கு மஞ்சள் சேலை வந்திடும்" என்றது ஷெரோமியின் வாய்.

றொஹான் அவளைப் பார்த்தான். கீழே பச்சையாகத் தெரிந்த வாவியைப் பார்த்தான். அதன் பிறகு லிப்டில் இறங்கும்போதும் ஓட்டோவில் வரும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தான். வாவிக்கரையில் அவள் ஓட்டோவை நிறுத்த இடம் தேடிய இரண்டே நிமிடத்தில், ஆள் படகுத்துறையில்.

அங்கே ரிக்கற் கொடுப்பவருக்கு ஒரே கட்டளைதான். இரண்டு பக்கமும் ஆள் மிதிக்காவிட்டால் படகு நின்ற இடத்திலேயே வட்டம் போடும். அதனால் தனி ஆளை ஏற்றமாட்டார். றொஹானுக்கு முன்னால் தனியாக வந்த மழைக்கோட்டும் அதே சிக்கலில் நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஷெரோமி வீதியைக் கடந்து வருவதற்குள் அன்னம் புறப்பட்டுவிட்டது.

"தென்னெக் நெத்துவ பே, நங்கி" என்று அந்த மனிதர், இரண்டு பேர் இல்லாமல் ஏலாதென்று அவளிடமும் சிங்களத்தில் சொல்லி இரண்டு விரலைக் காட்டினார்.

மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து வேவு பார்த்த யோசெப்பின் அன்ரி அகப்பட்டது அப்படித்தான்.

அன்ரியின் மடியில் போன் அலறியது. எவ்லின்.

"ஓம் எவ்லின், ஓம். இவன் பாலத்திலைதான் நிக்கிறான்" என்றாள் அன்ரி, தொடை வரை நனைந்தபடி.

"நாங்களும் வந்திட்டம் அக்கா." எவ்லினுக்கும் மூச்சு வாங்கியது. "இவள் காருக்குள்ளை சேலைக்குப் பின் குத்திறாள். ஒரு பத்து நிமிசம் பொறுக்கேலுமோ?"

"பத்தென்ன, இருபது எடுங்கோ."

ஷெரோமியின் கால்களுக்குப் புது இரத்தம் பாய்ந்தது. நீர்க்காகம் ஒன்று அன்னத்தின் தலையில் ஏறி உட்கார்ந்து சவாரி செய்தது. இருபத்தைந்து யார். இருபது. முன்னால் போன அன்னம் திடீரென்று ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டமும் போட்டது. சிரிப்புச் சத்தம் தண்ணீரில் தத்தித் தத்தி வந்தது.

"அங்கை பாருங்கோ அன்ரி, அவை மிதிக்கவேயில்லை."

"மிதிக்காமல் என்ன செய்யினம்?"

"கதைக்கினம்."

"றொஹான்" என்று அன்ரி கூப்பிட்டாள். "தம்பி, மாமி சொல்லுறன், திரும்படா."

றொஹான் திரும்பினான். சரிந்த அன்னத்தையும் அதற்குள் மாமியையும் கண்டதும் அவனுக்கு விக்கல் வந்துவிட்டது. "மாமி, மஞ்சள் சேலையிட்டைச் சொல்லுங்கோ, எனக்கு ஆள் கிடைச்சிட்டுது எண்டு."

பக்கத்திலிருந்த உருவமும் சிரித்துச் சிரித்து வேர்த்து, தலைமூடியைத் தள்ளி, மழைக்கோட்டைக் கழற்றி மடியில் போட்டது. அன்ரி மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எடுபட்டவள், இவளும் மஞ்சள்தான் உடுத்திருக்கிறாள்."

ஷெரோமி பாலத்தைப் பார்த்தாள். அங்கே கம்பியைப் பிடித்தபடி எவ்லின் தனியாக நின்றாள். காதில் போன். அன்ரியின் மடி மறுபடி அலறியது. ஷெரோமியே எடுத்துச் சத்தத்தைக் கூட்டிப் பிடித்தாள்.

"அக்கா, கோவியாதேங்கோ, ஒரு பொய் சொல்லிப்போட்டன். வேலை நாளிலை சேலை உடுக்கச் சொன்ன உடனை இவள் விசயத்தைப் பிடிச்சிட்டாள். கார் நிண்டதும் என்ரை நீட்டு மழைக்கோட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினவள். அரை மணித்தியாலமாத் தேடுறன்." எவ்லின் ஒரு மூச்சு எடுத்தாள். "நீங்கள் படத்திலை காட்டின உங்கடை பெடியனோடை அந்தப் படகிலை இருக்கிறது என்ரை றேணுகா."